முதல் ஹாஃப் ஈகிள் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

அமெரிக்கர்கள் பத்து டாலர் பொற்காசை ஈகிள் என்றார்கள். ஐந்து டாலர் காசு ஹாஃப் ஈகிள், இரண்டரை டாலர் காசு குவார்ட்டர் ஈகிள். 1795 முதல் 1834இன் நடுப்பகுதி வரை பிலடெல்பியா நாணயச்சாலையில் பழைய எடையில் அடிக்கப்பட்ட இம்மூன்றில் ஒன்றையாவது வாங்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: எந்தக் காசு என்று முடிவு செய்யுங்கள்

ஹாஃப் ஈகிள்தான். குவார்ட்டர் ஈகிள் அடித்ததே குறைவு. 1808இல் ஓராண்டு மட்டும் வந்த வடிவத்தில் மொத்தமே 2,710. ஈகிள் அடிப்பதை 1804இல் நிறுத்திவிட்டார்கள். ஹாஃப் ஈகிளிலும் 1806, 1807, 1810, 1811, 1812 ஆகிய ஆண்டுகளில் தேடுங்கள். அவையே பல ஆயிரம் டாலர் கேட்கும்.

படி 2: அடித்த எண்ணிக்கையை நம்பாதீர்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. 1822இல் 17,796 ஹாஃப் ஈகிள் அடித்ததாகப் பதிவு இருக்கிறது. அந்த ஆண்டுக் காசு இன்று மூன்றுதான் தெரியவருகிறது. இரண்டு வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன; தனியாரிடம் இருந்த ஒன்று 2021 மார்ச்சில் 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

மற்றவை உலைக்குப் போயின. 1792 சட்டம் ஒரு பங்கு தங்கத்துக்குப் பதினைந்து பங்கு வெள்ளி என்று விலை வைத்தது. ஐரோப்பாவில் அதே தங்கத்துக்குக் கூடுதல் வெள்ளி கிடைத்தது. வணிகர்கள் விடுவார்களா? காசுகள் கப்பலேறி உருகின. 1834 சட்டம் எடையைக் குறைத்ததும் மிச்சத்துக்கும் ஆபத்து வந்தது: பழைய காசில் ஏறத்தாழ 8.02 கிராம் சுத்தத் தங்கம், புதியதில் 7.52 கிராம், முகமதிப்போ இரண்டுக்கும் ஐந்து டாலர். ஆகவே எத்தனை பிழைத்தன என்பதையே விசாரியுங்கள்.

படி 3: நிறுத்து, அளந்து பாருங்கள்

எடை 8.75 கிராம், குறுக்களவு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர், தரம் 22 காரட். நம் சவரனைவிட முக்கால் கிராம் கூடுதல் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் தராசு தேவை. தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் கட்டிய காசை, அடியைத் தொடாமல் முழுகத் தொங்கவிடுங்கள். அரை கிராம் அளவில் காட்டினால் உலோகம் சரி. காலம் சரி என்று அதற்குப் பொருளல்ல. தங்கத்திலேயே போலி அடிப்பவர்களும் உண்டு.

எழுத்தையும் பாருங்கள். தொடக்க வடிவத்தில் மதிப்பே பொறிக்கப்படவில்லை. 1807இல் ஜான் ரைக் செய்த புதிய வடிவத்தில்தான் ‘5 டி’ என்ற குறிப்பு ஏறியது. 1800ஆம் ஆண்டுக் காசில் அது இருந்தால் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

படி 4: பரப்பைப் படியுங்கள்

நகைக்கடைக்காரரின் பத்து மடங்கு லென்ஸ் போதும். நடுவிலோ ஓரத்திலோ இணைகோடுகள் தெரிந்தால் பதற வேண்டாம். எடை மிகுந்த வில்லையை அச்சில் வைக்கும் முன் அரத்தால் தேய்த்துச் சரிசெய்த தடம் அது. அழகைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் நாணயச்சாலையே இட்டது. எனக்கு அந்தக் கோடுகள் பிடிக்கும்.

அஞ்ச வேண்டியது வேறு. தலைப் பக்கமெங்கும் மயிரிழைக் கீறல்களோடு ஒரே சீராகப் பளபளத்தால் யாரோ துலக்கியிருக்கிறார்கள். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நகை கழுவும் பழக்கத்தைக் காசிடம் காட்டக் கூடாது. மேல் விளிம்பையும் சுற்றிப் பாருங்கள். காசுமாலையில் வளையம் பற்றவைத்த சவரனைப் பார்த்த கண்ணுக்கு அந்தத் தழும்பு உடனே தெரியும். அமெரிக்கர்களும் கடிகாரச் சங்கிலியில் காசைத் தொங்கவிட்டார்கள்.

படி 5: பெட்டியின் எண்ணைச் சரிபாருங்கள்

முதல் காசை பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. என்ற தரம்பிரிப்பு நிறுவனம் சோதித்து மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வாங்குங்கள். 1 முதல் 70 வரையான எண்ணே தரம். எண்ணுக்குப் பதில் ‘டீட்டெயில்ஸ்’ என்றிருந்தால் காசு அசல், ஆனால் பழுதுபட்டது. விலை இறங்க வேண்டும். போலிக் காசைப் போலவே போலிப் பெட்டியும் உண்டு. சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தட்டி, அங்கே படம் இருந்தால் கையிலுள்ள காசின் கீறல்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒரு கீறல் இடம் மாறினாலும் பணத்தை எடுக்காதீர்கள்.