சீன மை ஓவியத்துல மலையை அப்புறம் பாருங்க, முதல்ல ஆளைத் தேடுங்க

சீனாவோட பழைய மலை ஓவியம் எதையாவது பாத்தா எல்லாமே ஒரே மாதிரி சாம்பல் கலர்ல தெரியுதா? பார்வையை மேல மலைல ஆரம்பிக்காம கீழ் ஓரத்துல இருந்து ஆரம்பிங்க, பெரும்பாலும் அங்க எங்கயாவது பொடியா ஒரு ஆளோ படகோ பாலமோ இருக்கும், அங்கிருந்து பாதையைப் புடிச்சு மெதுவா மேல ஏறுங்க.

பழக ஃபான் குவான் வரைஞ்ச மலைப்பயணிகள் படம் போதும். சுமார் 1000 வருஷம் பழசு, பட்டுல வரைஞ்சது, 2 மீட்டருக்கு மேல உயரம், தைபே நேஷனல் பேலஸ் மியூசியத்துல இருக்கு. அவங்க சைட்லயே பெரிய சைஸ் படம் கிடைக்கும், ஜூம் பண்ணிப் பாருங்க. வலது கீழ் பக்கம் கோவேறு கழுதைங்களை ஓட்டிட்டு வர்ற ஆளுங்க எறும்பு சைஸ்ல இருப்பாங்க, அவங்களைப் பாத்துட்டு நிமிந்தாதான் அந்த மலை எவ்ளோ பெருசுன்னே உறைக்கும். பக்கத்து இலைகளுக்குள்ள ஓவியரோட கையெழுத்தும் ஒளிஞ்சிருக்கு, அதையே 1958லதான் கண்டுபிடிச்சாங்கன்னா பாத்துக்கோங்க!

இந்த மாதிரி படங்கள்ல தெரியுற சிவப்பு முத்திரை எல்லாத்தையும் ஓவியர் போட்டதுன்னு நினைக்காதீங்க, நிறைய பின்னாடி வாங்கி வச்சிருந்தவங்க குத்தினது. 18ஆம் நூற்றாண்டுல சீனாவை ஆண்ட சியென்லுங் பேரரசர் இந்த விஷயத்துல கொஞ்சம் ஓவர்தான் 😄

நீளமா சுருட்டி வைக்கிற படம்னா வலதுல இருந்து இடது, ஒரு தடவைக்கு ஒரு கை நீளம் மட்டும் பாத்து நகத்துங்க, மொத்தமா ஒரே ஸ்கிரீன்ல சுருக்கிப் பாத்தா ஒண்ணும் புரியாது.