பைசெக்சுவல் நட்பு வட்டம் ஆரம்பிக்கணுமா? முதலில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்

பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவனை ஊர் 'நார்மல்' என்று எழுதிக்கொள்ளும், ஆணோடு வாழ்ந்தால் 'கே' (ஆண்கள்மேல் மட்டும் ஈர்ப்புள்ளவன்) என்று எழுதிக்கொள்ளும். பைசெக்சுவல், அதாவது ஆண் பெண் இருவர்மேலும் ஈர்ப்பு வரும் என்று சொன்னால் இரண்டு பக்கமும் "இன்னும் முடிவு பண்ணலையா?" என்று கேட்பார்கள். அதனால் சென்னை மாதிரி ஊரில்கூட நம்மைப் போன்றவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். "வாங்க, வட்டமா உட்கார்ந்து அடையாளத்தைப் பற்றிப் பேசுவோம்" என்று கூப்பிட்டால் முதல் தடவை நாலு பேர் வருவார்கள், அடுத்த தடவை நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

அதனால் பேச்சுக்காகக் கூப்பிடாமல் ஒரு பொழுதுபோக்குக்காகக் கூப்பிடுங்கள். எந்தப் பொழுதுபோக்கு என்று யோசிக்கும்போது இதை மட்டும் பாருங்கள்: எங்கே போகிறாய் என்று வீட்டில் கேட்டால் பொய் சொல்லாமல் பதில் சொல்ல முடியணும். "பள்ளிக்கரணைக்குப் பறவை பார்க்கப் போறேன்மா" என்பதற்கு எந்த அம்மாவும் குறுக்கே நிற்க மாட்டார். அந்தச் சதுப்புநிலத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் இருக்கும். ஒரே பைனாகுலரைக் கைமாற்றிக்கொண்டு நிற்கும்போது பேச்சு தானாக வரும், முகத்துக்கு நேராகச் சொல்லக் கூசுகிற விஷயத்தை ஒரு நாரையைப் பார்த்தபடி சொல்லிவிடலாம். கேரம், வாசிப்பு, சமையல் எதுவானாலும் சரி. பப் மட்டும் வேண்டாம், காசும் செலவு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டிய பெண்கள் வரவும் முடியாது. ஞாயிறு காலைதான் நல்லது. நாளையும் இடத்தையும் மாற்றாதீர்கள், இரண்டே பேர் வந்தாலும் நடத்துங்கள்.

விதிகளை முதல் நாளே சொல்லிவிடுங்கள். யாரிடமும் 'நிரூபணம்' கேட்கக் கூடாது, இதுவரை ஒரே பாலினத்தோடு மட்டும் பழகியவரும் பைசெக்சுவலாக இருக்கலாம். முகம் தெரியும் போட்டோ வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும், அதனால் நம்பரை மறைக்க வழியுள்ள டெலிகிராமோ சிக்னலோ மேல். அப்புறம், படுக்கைக்கு மூணாவது ஆள் தேடி வரும் ஜோடிகள், இவர்கள் கட்டாயம் வருவார்கள். தயங்காமல் வழியனுப்பிவிடுங்கள், ஒரு தடவை விட்டுவைத்தால் தனியாக வரும் பெண்கள் அப்புறம் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

நாலைந்து முகங்கள் பழகிய பிறகு தன்னார்வ வேலைக்குப் போகலாம். ஜூன் கடைசியில் சென்னையில் நம்மைப் போன்ற பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினர் நடத்தும் வானவில் சுயமரியாதைப் பேரணி 2009-லிருந்து இருக்கிறது. பதாகை எழுத, தண்ணீர் கொடுக்க எப்போதும் ஆள் தேவைப்படும். பேரணியில் முகம் காட்ட முடியாதவர்கள் முந்தின வாரமே பதாகை எழுதிக் கொடுக்கலாம், அதுவும் வேலைதான். ராத்திரி வெளியே வர முடிகிறவர்களுக்கு ஆமை நடை இருக்கிறது: நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரையில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைக் காப்பாற்றும் மாணவர் குழு 1988-லிருந்து இயங்குகிறது. அங்கே யாரும் உங்கள் கதையைக் கேட்க மாட்டார்கள், எனக்கு அதுதான் பிடித்தது.

ரத்த தான முகாம் மட்டும் வேண்டாம். நல்ல எண்ணம்தான், ஆனால் 2017-ல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களை ரத்தம் கொடுக்கக் கூடாதவர்கள் பட்டியலில் வைத்தது. உச்ச நீதிமன்றம்வரை போன விவகாரம் அது. உங்கள் குழுவில் இருக்கும் ஒருவரைப் படிவத்தின் முன்னால் நிறுத்தி, பொய் சொல் அல்லது எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல் என்று நெருக்குவது எதற்கு?

செப்டம்பர் 23 பைசெக்சுவல் தினம், 1999-லிருந்து கொண்டாடுகிறார்கள். அதற்கு முந்தின ஞாயிறு கொடி தைக்க உட்காரலாம். மேலே இளஞ்சிவப்பு இரண்டு பங்கு, நடுவில் ஊதா ஒரு பங்கு, கீழே நீலம் இரண்டு பங்கு. தைக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், மற்றவர்கள் நூல் கோத்துக்கொண்டு வம்பு பேசலாம். டீ யார் வாங்கி வருவது என்பதை மட்டும் முன்னாடியே முடிவு பண்ணிவிடுங்கள்.