வீட்டு சர்வராக ஓடும் பழைய கணினி அவ்வப்போது மக்கர் செய்தால் என்ன செய்வது?

சும்மா கிடந்த பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, புகைப்படங்களுக்கும் பேக்கப்புக்கும் சர்வராக ஓடவிடுவது நல்ல காரியம். தொல்லை எங்கே வருகிறது என்றால், எப்போதாவது தானாக ரீஸ்டார்ட் ஆகும், இல்லை அப்படியே உறைந்து நிற்கும். நாம் போய்ப் பார்க்கும்போது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் பதறிப்போய் ரேம், கேபிள், பவர் சப்ளை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறார்கள். அதன்பின் கோளாறு நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்: இதை விடாப்பிடியாகக் கடைப்பிடியுங்கள்.

எதையும் தொடும் முன், முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.

1. குறித்து வையுங்கள்

ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், அப்போது ஓடிய வேலை, ரீஸ்டார்ட் ஆனதா உறைந்ததா என்று எழுதுங்கள். எப்போதும் பேக்கப் ஓடும் நேரத்திலேயே விழுகிறது என்றால், வேலைப்பளு கூடும்போது தாங்காத ஏதோ ஒன்றைத் தேட வேண்டும்.

2. லாக்கைப் படியுங்கள்

லாக் என்பது கணினி தனக்குள் நடப்பதை எழுதிவைக்கும் பதிவு. அதைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் பூட் எண்ணாக மைனஸ் ஒன்று கொடுத்தால் (journalctl -b -1) முந்தைய ஓட்டத்தின் லாக் வரும். கடைசி வரிகளைப் பாருங்கள். சேவைகள் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தால் அது கோளாறே இல்லை. தானியங்கி அப்டேட் ரீஸ்டார்ட் செய்திருக்கலாம். டிஸ்க் பிழைகள் குவிந்திருந்தால் 4ஆம் படிக்குப் போங்கள். ஒரு வார்த்தைகூட இல்லாமல் பாதியில் அறுந்து நின்றால், பெரும்பாலும் மின்சாரம், சூடு, ரேம் ஆகிய மூன்றில் ஒன்று.

சில லினக்ஸ் வகைகளில் லாக் ரேமில் மட்டும் இருந்து, ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடும். டிஸ்க்கில் சேமிக்கும்படி முதலிலேயே மாற்றி வையுங்கள்.

3. ரேம்

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற நிரலை யூஎஸ்பி-யில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். ‘ஒன்றுதானே’ என்று விட்டுவிடாதீர்கள். அப்புறம் ரேமைக் கழற்றி அழுத்திப் பொருத்தி, ஒவ்வொரு குச்சியாக அதே ஸ்லாட்டில் சோதியுங்கள்.

4. டிஸ்க்கும் கேபிளும்

டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளை காட்டும் பட்டியலில் எனக்கு முக்கியமானவை நான்கு எண்ணுள்ள வரிகள்: 5, 197, 198, 199. முதல் மூன்றும் டிஸ்க்கில் கெட்டுப்போன, படிக்க முடியாத இடங்களைப் பற்றியவை. ஹார்ட் டிஸ்க்கில் முதல் மூன்றின் கடைசிப் பத்தியில் உள்ள எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றத் தயாராகுங்கள். 199 வேறு கதை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு கெட்டுப்போன தடவைகளை அது எண்ணுகிறது. பெரும்பாலும் குற்றவாளி இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான். நல்ல டிஸ்க்குகள் பல இதனால் வீணாகக் குப்பைக்குப் போகின்றன. கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது. அதனால் 199க்கு நேரே 312 என்று இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு, கேபிளை மாற்றி, சில நாள் கழித்துப் பாருங்கள். இன்னும் 312 என்றால் சரி. 340 ஆகியிருந்தால் அடுத்து மதர்போர்டில் வேறொரு சாட்டா துளையில் கேபிளைச் செருகிப் பாருங்கள்.

5. சூடும் மின்சாரமும்

தூசியைத் தட்டுங்கள், ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள், பிராசசரின் சூட்டைக் கடத்த அதன்மேல் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். மதர்போர்டில் சிறு உருளைகளாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால், பழுப்பாகக் கசிந்திருந்தால், போர்டை நம்ப முடியாது.

பவர் சப்ளையின் 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். ஆனால் சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, வேலை ஏறியதும் ஒரு நொடி சரிந்தால் மீட்டரில் தெரியாது. நன்றாக ஓடும் வேறொரு பவர் சப்ளையைப் பொருத்திப் பார்ப்பதே நம்பகமான வழி. பவர் சப்ளையைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

மின்சாரம் போய் வந்தால் தேதி பின்னோக்கிப் போகிறதா? மதர்போர்டில் நாணயம்போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் போதும்.

6. எவ்வளவு நாள் பொறுப்பது?

வழக்கமான இடைவெளியைப்போல் மூன்று மடங்கு. சராசரியாக வாரம் ஒருமுறை விழுந்தது என்றால், மூன்று வாரம் அமைதியாக ஓடிய பிறகே சரியாகிவிட்டது என்று சொல்லுங்கள். கோளாறு இன்னும் உள்ளேயே இருந்தாலும், தற்செயலாக அவ்வளவு காலம் சும்மா இருக்க 5 சதவீத வாய்ப்புதான் உண்டு. ஐந்தாறு நாளில் முடிவு கட்டுவது வெறும் ஆசை.

கழற்றிய பாகத்தின்மேல் என்ன குறை என்று எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அதே ரேம் அடுத்த கணினிக்குள் போய் உட்கார்ந்துவிடும்.