ஒன்ராறியோ டவுன்ஷிப்பில் காணி தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணக் கிராமப்புறத்தில் ஒரு காணியின் பூர்வீகத்தைத் தேடுபவர்கள் இன்றைய பெயர்ப்பலகையை நம்பித்தான் முதலில் சறுக்குகிறார்கள். பல டவுன்ஷிப்களை (கிராமப்புற உள்ளூராட்சிப் பிரிவுகளை) உள்ளடக்கிய வெலிங்டன் கவுன்டியில் உள்ள மேப்பிள்டனை எடுங்கள். பீல், மேரிபரோ என்ற இரு டவுன்ஷிப்களையும் டிரெய்டன் என்ற ஊரையும் 1999இல் இணைத்து உருவாக்கியது அது. இணைந்தது நிர்வாகம் மட்டுமே, நில அளவை அல்ல. காணி உறுதியில் பழைய டவுன்ஷிப்பின் பெயரும் அதன் கன்செஷன் (காணிகளின் வரிசை), லொட் (வரிசையில் உள்ள தனிக் காணி) எண்களும் அப்படியே இருக்கும். “மேப்பிள்டன், கன்செஷன் 5, லொட் 10” என்று மட்டும் குறித்துக்கொண்டு போனால் பீலா மேரிபரோவா என்று தெரியாமல் திண்டாட வேண்டியதுதான். போதாக்குறைக்கு, பிரம்டனும் மிசிசாகாவும் அடங்கிய பீல் பிராந்தியம் முற்றிலும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான ஆவணங்களில் நாட்கணக்காக மூழ்கிப்போவது எளிது.

முடியரசு வழங்கிய முதல் உரிமைப் பத்திரத்தோடு வரலாறு தொடங்குகிறது என்று எழுதுவது இதைவிடப் பெரிய பிழை. பீலுக்கும் பக்கத்து டவுன்ஷிப்பான வெல்லஸ்லிக்கும் இடையிலான எல்லையை ஒட்டிய பகுதி அப்போது ‘குயின்ஸ் புஷ்’ எனப்பட்ட காட்டுப் பரப்பின் ஒரு பகுதி. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்களும் சுதந்திரமாகப் பிறந்தவர்களுமான கறுப்பினக் குடும்பங்கள் அங்கே காடு வெட்டிப் பயிர் செய்தன. அரசின் அளவையாளர்கள் வந்தது 1840களில்தான். அதன்பின் காணிக்கு விலை கேட்டபோது பலரால் கட்ட முடியவில்லை, வெளியேறினார்கள். பத்திரத்தில் முதலில் தெரிவது காசு கொடுத்தவரின் பெயர், காடு வெட்டியவரின் பெயர் அல்ல. தேவாலயப் பதிவுகளையும் குடியேறிகள் அரசுக்கு அனுப்பிய மனுக்களையும் பார்க்காமல் எழுதும் ஊர் வரலாறு பாதி வரலாறுதான்.

1850க்கு முந்தைய டவுன்ஷிப் கவுன்சில் குறிப்பேடுகளைத் தேடுவதும் வீண். கவுன்சிலுக்கு உண்மையான அதிகாரம் கொடுத்த பால்ட்வின் சட்டம் 1849இல் நிறைவேறி, 1850 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு ஆண்டுக் கூட்டத்தில் ஊரார் எழுத்தரையும் பாதை, வேலி மேற்பார்வையாளர்களையும் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவே.

இன்றைய நிர்வாகத்துக்கு வருவோம். வரி ரசீதை அனுப்புவது டவுன்ஷிப் என்பதால் முழுத் தொகைக்கும் அதன் கவுன்சிலைத் திட்டுகிறார்கள். ஆனால் அதில் ஒரு பங்கு கவுன்டிக்கு, இன்னொரு பங்கு கல்விக்குப் போகிறது. சொத்தின் மதிப்பைக் கணிப்பது எம்பாக் என்ற தனி அமைப்பு, ஆகவே மதிப்பு கூடிவிட்டது என்ற முறைப்பாட்டைக் கவுன்சில் கூட்டத்தில் எழுப்பிப் பலனில்லை. வீதியும் இப்படித்தான். வரைபடத்தில் 66 அடி அகலத்தில் வீதி ஒதுக்கீடு தெரிந்தாலும் அது திறக்கப்படாத வெறும் கோடாக இருக்கலாம், பனி அள்ள எந்த வண்டியும் வராது. காணி வாங்கும் முன், அந்த வீதி ஆண்டு முழுவதும் பராமரிக்கப்படுகிறதா என்று டவுன்ஷிப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காசை அதிகம் தின்னும் தவறு, ஒட்டினாற்போலுள்ள அடுத்த காணியையும் அதே பெயரில் வாங்குவது. திட்டமிடல் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி அவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே காணியாக இணைந்துவிடும். பிறகு ஒன்றை மட்டும் விற்கப் பிரிப்பு அனுமதி வேண்டும். விவசாய நிலத்தில் அது லேசில் கிடைக்காது. பதிவான மனைப்பிரிவுத் திட்டத்தில் முழு மனையாக இருப்பவை பொதுவாக இதில் சிக்குவதில்லை. எப்படியானாலும், கையெழுத்திடும் முன்பே எந்தப் பெயரில் வாங்குவது என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கடைசியாக, வயலோரத்து வாய்க்கால். அது வடிகால் சட்டத்தின் கீழ் அமைந்த நகராட்சி வடிகாலாக இருக்கக்கூடும். அதை மூடவோ திருப்பவோ உங்களுக்கு உரிமை இல்லை. தூர்வாரும் செலவு, அதில் நீர் சேரும் காணிகளின் உரிமையாளர்கள் மேல் பொறியாளர் அறிக்கைப்படி பங்கிடப்படும். உங்கள் பங்கு அதிகம் என்று தோன்றினால் ‘கோர்ட் ஆஃப் ரிவிஷன்’ என்ற மறுபரிசீலனைக் குழு முன் சொல்லலாம். ஆனால் அது பங்குத்தொகையை மட்டுமே விசாரிக்கும். வடிகாலின் வடிவமைப்பே பிழை என்று வாதாட வேண்டுமானால் மாகாண மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும்.