வாங்கி மீது பழி போடாதீர்கள்

ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளின் ஆய்வு முன்மொழிவுகளைத் திருத்தும்போது என் பழைய கொப்பியைத் திருத்துவது போலவே இருக்கும். கலத்தில் ஓமோனைப் பிடித்து வேலை தொடங்கும் புரதத்தை யாழ்ப்பாணத்தில் நாங்கள் 'வாங்கி' என்று படித்தோம்; தமிழ்நாட்டில் 'ஏற்பி' என்பார்கள். பிழை என்னவோ இரண்டு கரையிலும் ஒன்றுதான். அலகு மாறுவது, குழாயில் பெயர் எழுத மறப்பது எல்லாம் இரண்டு தரம் ஏச்சு வாங்கினால் திருந்திவிடும். அவற்றை விடுவோம். திருந்தாதவை இவை.

ஓமோன் ஒட்டவில்லை, ஆகவே வாங்கி பழுது

தென்னமெரிக்க அணில் குரங்கு, மார்மோசெற் போன்றவற்றின் இரத்தத்தில் கோட்டிசோல் என்ற அழுத்த ஓமோன் மனிதரைவிடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் அது கூடினால் மனிதருக்கு வருவது போல முகம் ஊதவில்லை, தசை தேயவில்லை. கலங்களை எடுத்துச் சோதித்தால் ஓமோன் வாங்கியில் இறுக ஒட்டவில்லை. 1982இல் ஜோர்ஜ் குரூசோஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதை எழுதினார்கள்.

மாணவனாக இருந்தபோது இதை வாசித்த நான் உடனே 'வாங்கி மரபணுவில் மாற்றம்' என்று எழுதி, அந்த ஒரு வரியின் மேல் இரண்டு மாத வேலையைக் கட்டினேன். என் ஆய்வை மேற்பார்த்த சேர் வாசித்துவிட்டுக் கேட்டார்: "வாங்கியைத் தனிய எடுத்துப் பாத்தனீரோ தம்பி? புரொஜெஸ்தரோன் எண்ட வேற ஓமோனுக்கும் இந்தக் குரங்குகள் மந்தமாமே, ஒரு மரபணு பழுதெண்டால் மற்ற வாங்கி ஏன் முடங்குது?" என்னிடம் பதில் இல்லை.

அணில் குரங்கின் வாங்கியைச் சோதனைக் குழாயில் தனியாக உண்டாக்கினால், அது மனித வாங்கியைப் போலவே நன்றாகப் பிடிக்கிறது. அதே குரங்கின் கலச்சாற்றைக் கலந்தால் பிடி தளர்கிறது. காரணம், எஃப்கேபிபி51 என்ற துணைப் புரதம் அந்தக் கலங்களில் ஏராளமாக இருப்பது. கை நல்ல கைதான்; பக்கத்தில் நிற்பவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். கலச்சாற்றில் அளந்த எண், வாங்கியும் அதன் கூட்டாளிகளும் சேர்ந்து தந்த எண். கலந்து பார்க்காமல் மரபணுவைக் குற்றம் சொல்லக்கூடாது. போன கிழமையும் ஒரு பிள்ளை அதே வரியை எழுதிக் கொண்டு வந்தது. சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன்.

மொத்த அளவை மட்டும் பார்ப்பது

மனித இரத்தத்தில் கோட்டிசோலின் பெரும்பகுதி அதைக் காவிச் செல்லும் 'காவிப்' புரதங்களில் ஒட்டியே திரியும். கலத்துக்குள் போவது ஒட்டாத மிச்சம். இந்தத் தென்னமெரிக்கக் குரங்குகளின் காவிப் புரதம் பலவீனம். ஒட்டாத பங்கு இன்னும் கூட.

டெக்சாமெதசோனை வைத்துக் கோட்டிசோலுக்குத் தீர்ப்பு

டெக்சாமெதசோன் கோட்டிசோலைப் போல வேலை செய்யும் செயற்கை மருந்து; ஆனால் அது அந்தக் காவிப் புரதத்தில் ஒட்டுவதே அரிது. வேண்டாம்.

குரங்கென்றால் எல்லாம் ஒன்று

வன்னியில் கூரையேறி ஓடு உடைக்கிற மந்தி 'பழைய உலக'க் குரங்கு, அதாவது ஆசிய, ஆபிரிக்கக் கிளையைச் சேர்ந்தது. இந்த விஷயத்தில் அது அணில் குரங்குக்கு அல்ல, அந்த ஓட்டு வீட்டுக்கார மனிதருக்குத்தான் கிட்டிய சொந்தம்.