பட்டம் வாங்கி வேலைக்குப் போன பிள்ளையை டிபென்டென்டாகக் காட்டலாமா?

எங்கள் மகள் 2024 மே மாதம் பட்டம் வாங்கி ஜூலையில் வேலைக்குச் சேர்ந்தாள். வயது 22. சம்பாதிக்கிற பெண்ணை இனி எங்கள் வரிக்கணக்கில் டிபென்டென்டாக, அதாவது எங்களைச் சார்ந்து வாழ்பவளாக, காட்ட முடியாது என்று நானும் கணவரும் நினைத்தோம். அது தவறு. அமெரிக்காவில் பிள்ளைகள் இந்த நிலையில் இருக்கும் வீடுகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் வயது. டிசம்பர் 31 அன்று 19 நிறைந்திருக்கக் கூடாது. முழுநேர மாணவரென்றால் 24. வருடத்தில் ஐந்து மாதங்கள், ஒவ்வொன்றிலும் சில நாளாவது முழுநேரம் படித்திருந்தால் மாணவர்தான். ஜனவரி முதல் மே வரை எண்ணிப் பாருங்கள், சரியாக ஐந்து! பாதி வருடத்துக்கு மேல் உங்களோடு வசித்திருக்கவும் வேண்டும். படிப்புக்காக விடுதியில் இருந்த நாட்களும் வீட்டில் இருந்ததாகவே கணக்கு.

சம்பளத்துக்கு இங்கே உச்சவரம்பு கிடையாது. தன் செலவில் பாதிக்கு மேல் பிள்ளையே பார்த்துக்கொண்டதா என்பதுதான் கேள்வி. நாங்கள் ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம்: கடைசி செமஸ்டர் கட்டணம், விடுதி, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, அப்புறம் ஜூலையிலிருந்து எங்கள் வீட்டில் அவள் இருந்த அறைக்கு வெளியே என்ன வாடகை வருமோ அது. மொத்தம் 24,000 டாலர். அவள் கையிலிருந்து போனது 7,000. வங்கியில் சேமித்த சம்பளமும் அவள் கட்டிய வருமான வரியும் இதில் வராது. ஸ்காலர்ஷிப்பும் அவள் பங்காகச் சேராது. ஆனால் அவள் பெயரில் கல்விக்கடன் வாங்கிச் செலவழித்திருந்தால் அது அவள் பங்குதான். கடன் பெரிதென்றால் கணக்கே மாறிவிடும், கவனம்.

நாங்கள் தாளோடு உட்கார்ந்திருந்தபோதே மகள் போனில் தன் ரிட்டர்னை அனுப்பிவிட்டாள், வேறொருவர் தன்னை டிபென்டென்டாகக் காட்டலாம் என்ற கட்டத்தை டிக் செய்யாமல். அதனோடு முரண்பட்டதால், அவளை டிபென்டென்டாகக் காட்டி நாங்கள் அனுப்பிய ரிட்டர்ன் நிராகரிக்கப்பட்டது. அவள் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தம் கொடுத்தாள். நாங்கள் காகிதத்தில் நிரப்பித் தபாலில் அனுப்பினோம். பிள்ளைகளிடம் ஜனவரியிலேயே பேசிவிடுங்கள். பெற்றோர் காட்டாவிட்டாலும், காட்டத் தகுதி இருந்தால் அந்தக் கட்டத்தை டிக் செய்தே ஆக வேண்டும்.

இதனால் கிடைப்பது 500 டாலர் வரிக்குறைப்பு. கல்லூரியின் முதல் நான்கு ஆண்டுகளுக்குள் என்றால், உங்கள் வருமானத்தைப் பொறுத்து, 2,500 டாலர் வரை கல்விச் சலுகையும் உங்களுக்கே வரும்.

2025-க்கு அவளைக் காட்ட முடியாது. மாணவி இல்லை, அதனால் மேலே சொன்ன பிள்ளைகளுக்கான விதியில் வரமாட்டாள்; அதில் வராத மற்றவகை டிபென்டென்டுக்கு வருமான வரம்பு உண்டு, அவள் வருமானம் அந்த 5,200 டாலரைத் தாண்டிவிட்டது. ஆனாலும் எங்கள் மருத்துவக் காப்பீட்டில் 26 வயது வரை இருப்பாள். அது தனி விதி.