ஒரு நாடு ஏன் வளர்ந்தது என்று எழுதுவதற்கு முன்

"அந்த நாட்டு மக்கள் உழைப்பாளிகள், அதனால் முன்னேறினார்கள்." பொருளியல் மாணவர்களின் ஒப்பீட்டுக் கட்டுரைகளைத் திருத்தும்போது நான் முதலில் அடிக்கோடிடும் வாக்கியம் இதுதான். ஏழை நாட்டு மக்கள் சோம்பேறிகள் என்று அது சொல்லாமல் சொல்கிறது. அது பொய் என்பதால்தான் எனக்குக் கோபம் வருகிறது. விழுமியங்களுக்குப் பங்கில்லை என்பதல்ல என் வாதம். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்து எழுத வேண்டும்.

முதலில் ஓர் இணையைத் தேடுங்கள். பண்பாடு ஒன்றாகவும் ஆட்சி விதிகள் வேறாகவும் இருக்கும் இரண்டு இடங்கள் வேண்டும். கொரியாவை விடத் தெளிவான இணை கிடைப்பது அரிது. 1945இல் 38ஆம் அட்சரேகையில் அது பிரிக்கப்பட்டபோது மொழி ஒன்று, கல்வியையும் மூத்தோரையும் மதிக்கும் கன்பூசிய மரபும் ஒன்று. கனரகத் தொழிற்சாலைகளும் நீர்மின் நிலையங்களும் பெரும்பாலும் வடக்கில்தான் இருந்தன. செல்வம் மிக்க தெற்குக்கும் ஏழை வடக்குக்கும் இடையே இன்றுள்ள இடைவெளியை மூதாதையர் மரபால் விளக்க முடியாது என்பது இங்கேயே உறுதியாகிவிடுகிறது. அடுத்து, எந்த விதி எப்போது மாறியது என்று பாருங்கள். தெற்கில் 1949-50இல் நிலச் சீர்திருத்தம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 3 ஹெக்டேர் என்று உச்சவரம்பு விதித்தார்கள். குத்தகையாளர்கள் நில உரிமையாளர்கள் ஆனார்கள், நிலப்பிரபுக்களின் பிடி தளர்ந்தது. கல்வியை உயர்வாகக் கருதும் பழைய விழுமியம் அதற்குப் பிறகுதான் சாதாரண உழவர் வீட்டுக்கும் பயன்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நல்ல ஆட்சி அமைப்பு என்றால் தேர்தல் என்று உடனே எழுதிவிடாதீர்கள். தென்கொரியாவின் வேகமான வளர்ச்சி 1961இல் ஆட்சியைக் கைப்பற்றிய ராணுவத் தளபதி பார்க் சுங் ஹீயின் காலத்தில் தொடங்கியது. அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1987இல்தான் மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. எனவே நுணுக்கமாகக் கேளுங்கள்: சொத்தைப் பறித்தால் வழக்குத் தொடுக்க முடியுமா, புதிதாக ஒருவர் தொழிலில் நுழைய முடியுமா, அதிகாரி எப்படி வேலைக்கு எடுக்கப்படுகிறார்?

இரண்டாவது இணையில் இயற்கை வளம் ஒன்றாக இருக்கட்டும். ஆப்பிரிக்க நாடுகளான போட்ஸ்வானா, சியரா லியோன் இரண்டும் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றவை, இரண்டிலும் வைரம் உண்டு. ஆனால் முன்னது வளர்ந்தது, பின்னது ஏழையாகவே இருந்தது. போட்ஸ்வானா 1966இல் விடுதலை பெற்றது. மறு ஆண்டே ஒராபாவில் பெரும் வைரப் படிவு கண்டறியப்பட்டது. அந்த ஆண்டுச் சட்டம் கனிம உரிமையைத் தனித்தனிக் குலங்களிடமிருந்து அரசுக்கு மாற்றியது. ஒராபா இருந்ததோ அதிபர் செரெட்சே காமாவின் சொந்தக் குல நிலத்தில். தலைவரைச் சபையில் எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்கலாம் என்ற 'கோட்லா' மரபு அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போருக்கு வைரமே பணம் தந்தது. ஆனால் நிலவியலையும் சேர்த்து எழுதுங்கள்: சியரா லியோனின் வைரங்கள் பெரும்பாலும் ஆற்று வண்டலில் கிடைப்பவை, மண்வெட்டியும் சல்லடையும் போதும். ஒராபாவில் பெரிய சுரங்கம் தேவை, அதைக் காவல் காப்பதும் எளிது. இதை விட்டுவிட்டால் ஒப்பீடு நேர்மையாக இருக்காது.

விழுமியத்தைத் தனியாகப் பார்க்க முடியுமா? இதற்கு நான் மிகவும் மதிக்கும் ஆய்வு ஒன்று உண்டு. நியூயார்க்கில் ஐ.நா. தூதர்களின் வாகனங்கள் பெற்ற பார்க்கிங் அபராதங்களை ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகேல் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். ஒரே நகரம், ஒரே விதி. தூதரக விலக்கு இருந்ததால் கட்டாவிட்டாலும் தண்டனை இல்லை. நார்வே, சுவீடன் தூதர்கள் பெயரில் கட்டாத அபராதம் ஒன்றுகூட இல்லை. குவைத், எகிப்து, சாட் ஆகியவை பட்டியலின் உச்சியில் இருந்தன. ஊழல் மிகுந்ததாக மதிப்பிடப்பட்ட நாடுகளின் தூதர்கள் பொதுவாக அதிகம் மீறினார்கள். ஆக, விழுமியம் விமானம் ஏறி உடன் வருகிறது. பாதியோடு நிறுத்திவிடாமல் மீதியையும் படியுங்கள். 2002 அக்டோபரில் நகரம் தூதரக எண் பலகைகளைப் பறிக்கத் தொடங்கியது. கட்டப்படாத அபராதங்கள் ஏறத்தாழ 98 விழுக்காடு குறைந்தன. அதே மனிதர்கள், அதே விழுமியங்கள்!

காலத்தையும் சோதியுங்கள். கன்பூசிய மரபு முதலாளித்துவத்துக்குத் தடை என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் வாதிட்டார். கிழக்காசியா வளர்ந்த பிறகு அதே மரபே வளர்ச்சிக்குக் காரணம் என்றார்கள். இரண்டு முடிவுக்கும் பொருந்தும் விளக்கத்தை நான் ஏற்பதில்லை.

கடைசியாக ஒரு சின்ன வேலையை எடுத்து அதன் தடத்தைப் பின்தொடருங்கள். 1983இல் பொருளியலாளர் ஹெர்னாண்டோ டி சோட்டோவின் குழு பெரு நாட்டின் லிமாவில் ஒரு சிறிய தையல் கூடத்தைச் சட்டப்படி பதிவு செய்ய முயன்றது. 289 நாட்கள் ஆயின. தொழில் தொடங்கும் எளிமை பற்றிய உலக வங்கியின் தரவரிசை, தரவு முறைகேடுகள் வெளியானதால் 2021இல் நிறுத்தப்பட்டது. எனவே பழைய வரிசை எண்களை மட்டும் நம்பாதீர்கள். நீங்கள் ஒப்பிடும் இரண்டு நாடுகளிலும் ஒரு தையல் கூடத்துக்கு என்னென்ன அனுமதி வேண்டும், யாரிடம் பெற வேண்டும், மறுத்தால் எங்கே முறையிடலாம் என்பதை அரசு ஆவணங்களிலிருந்து பட்டியலிடுங்கள். பிறகு அந்தத் தொழிலில் உண்மையாகவே இருப்பவர் ஒருவரிடம் அந்தப் பட்டியலைக் காட்டி, நடைமுறை எங்கே மாறுபடுகிறது என்று கேளுங்கள்.